காமாலை என்று வந்த குழந்தைகள்

சித்தூரில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரம் முன்னே பின்னே வேலூர் போய்விடலாம். கிறிஸ்டியான்பேட்டை சோதனைச்சாவடியைத் தாண்டியதும் கடைப் பலகைகளில் தெலுங்கு மறைந்து தமிழ் வந்துவிடும். ஜனங்கள் பேசுகிற பேச்சு மட்டும் இரண்டு பக்கமும் ஒரே கலவைதான். 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்துக்கே சித்தூர்தான் தலைநகரம். 1953இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது சித்தூர் அந்தப் பக்கம் போனது, 1960இல் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. கோடு எங்கே விழுந்தால் என்ன, குழந்தைக்கு உடம்பு முடியாமல் போனால் சித்தூர், பலமனேர், குப்பம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வேலூர் பஸ்ஸைத்தான் தேடுவார்கள்.

அப்படி வருகிற பிள்ளைகளில் சிலருடைய கதை ஒன்றுபோலவே இருக்கும். வயது ஐந்து, ஆறு, ஏழு. போன வாரம் இரண்டு நாள் காய்ச்சலோ வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்து தானாகவே நின்றுவிட்டது. அப்புறம் பிள்ளை சுருண்டு படுத்துக்கொண்டது. முகம் வெளுத்து, கண்ணில் லேசாக மஞ்சள் தட்டுகிறது. மூத்திரம் டீ டிகாஷன் நிறத்தில் போகிறது. பாட்டி பார்த்துவிட்டு ‘காமாலை’ என்கிறார். பக்கத்து வீட்டம்மா தெலுங்கில் ‘பச்ச காமெர்லு’ என்கிறார். வார்த்தை ஒன்றுதான், வைத்தியமும் ஒன்றுதான்.

எங்கள் பக்கம் எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டு, காமாலை வந்தால் கீழாநெல்லி. நானும் சின்ன வயதில் வெறும் வயிற்றில் அந்தக் கசப்பை விழுங்கி, உப்பில்லாத பத்தியச் சோறு சாப்பிட்டவன்தான். குணமும் ஆனது. ஹெபடைடிஸ் ஏ என்ற கிருமியால் வருகிற சாதாரணக் காமாலை பெரும்பாலான குழந்தைகளுக்கு மருந்தே இல்லாமல் சில வாரங்களில் சரியாகிவிடும். அந்தப் பெயர் கீழாநெல்லிக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் நான் மேலே சொன்ன பிள்ளைக்கு வந்திருப்பது கல்லீரல் நோயே இல்லை. அந்த மஞ்சள், ரத்தத்தின் சிவப்பணுக்கள் கூட்டம் கூட்டமாக உடைவதால் வந்த மஞ்சள். ஒன்றிரண்டு நாளில் முகம் வீங்கும். மூத்திரம் குறையும், சில பிள்ளைகளுக்கு நின்றே போகும். பத்தியத்தில் போகிற ஒவ்வொரு நாளும் சிறுநீரகத்தின் கணக்கில்தான் கழிகிறது.

இந்த நோய்க்கு ஹீமோலிட்டிக் யுரீமிக் சிண்ட்ரோம் என்று பெயர். ஆஸ்பத்திரி வார்டில் யாரும் முழுசாகச் சொல்வதில்லை, ஹெச்.யு.எஸ். என்பார்கள். சிவப்பணு உடைவது, ரத்தம் உறைய உதவுகிற தட்டணு குறைவது, சிறுநீரகம் வேலையை நிறுத்துவது என்ற மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்து வந்தால் இந்தப் பெயர். பெயர் வைத்தவர் சூரிச் நகரத்துக் குழந்தை மருத்துவர் கொன்ராட் காஸர். 1955இல் அவரும் கூட்டாளிகளும் ஐந்து குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். ஐந்து பேரும் இறந்துபோனவர்கள். சிறுநீரகத்தின் வெளிப்பகுதி அப்படியே செத்துப்போயிருந்ததைப் பிரேதப் பரிசோதனையில் பார்த்திருக்கிறார்கள். ரத்தத்தில் வந்த கோளாறும் சிறுநீரகத்தில் வந்த கோளாறும் தனித்தனியாக வந்து மோதிக்கொள்ளவில்லை, இரண்டும் ஒரே சம்பவத்தின் இரண்டு முகங்கள் என்று பார்த்ததுதான் காஸரின் பங்கு.

அந்த ஒரே சம்பவம் என்ன என்பதை ஒரு கண்ணாடி ஸ்லைடிலேயே பார்க்கலாம். ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்லைடில் இழுத்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைக்கிற ஸ்மியர் பரிசோதனை அது. நல்ல ரத்தத்தில் சிவப்பணு வட்டமாக, நடுவில் சற்று வெளுத்து, அமுக்கிய மெதுவடைபோல இருக்கும். இந்தப் பிள்ளையின் ரத்தத்தில் வட்டங்களுக்கு நடுவே பாதி வெட்டியவை, முக்கோணங்கள், கொம்பு முளைத்தவை, ஹெல்மெட் கவிழ்த்த மாதிரி இருப்பவை எல்லாம் கிடக்கும். அணுக்கள் தானாகக் கெட்டுப்போனால் இப்படி ஆகாது. ஏதோ ஒன்று அவற்றை அறுத்திருக்கிறது.

அறுத்தது எது? ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் மயிரிழையைவிட மெல்லிய ரத்தக் குழாய்களின் சிறு உருண்டை. அந்தக் குழாய்களின் உள்சுவரில் ஒற்றை அடுக்காகச் செல்கள் மெழுகியதுபோல் படிந்திருக்கும். ஏதாவது ஒரு காரணத்தால் அந்த அடுக்கு புண்ணானால், ஓட்டையை அடைக்கத் தட்டணுக்கள் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும், உறைநார் இழைகள் குறுக்கே வலை கட்டும். தட்டணுக்கள் அங்கேயே செலவாகிவிடுவதால் ரத்தத்தில் எண்ணிக்கை விழுகிறது. பின்னாலிருந்து வருகிற அழுத்தத்தில் அந்த இழைகளுக்கு நடுவே நுழைகிற சிவப்பணுக்கள், வேகவைத்த முட்டையை நூலால் அறுப்போமே, அப்படி அறுபடுகின்றன. குழாய் அடைத்துக்கொண்டதால் வடிகட்டுவதும் நிற்கிறது. சோகை, தட்டணுக் குறைவு, சிறுநீரகச் செயலிழப்பு எல்லாமே அந்த ஒரு புண்ணின் பின்விளைவுகள்.

இதுவரை சொன்னது எல்லா ஹெச்.யு.எஸ். பிள்ளைகளுக்கும் பொருந்தும். முதல் புண்ணை யார் உண்டாக்கினார்கள் என்பதில்தான் அறுபது எழுபது வருட ஆராய்ச்சி அடங்கியிருக்கிறது. அதில் ஓர் அத்தியாயம் பாலாற்றங்கரையில் எழுதப்பட்டது.

1969 வாக்கில் மத்திய அமெரிக்காவில் ரத்த சீதபேதி ஒன்று கிளம்பியது. குவாட்டமாலாவில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. வழக்கமான ஆன்டிபயாடிக் பலவற்றுக்கும் அடங்காத கிருமி. சில வருடங்களில் வங்கதேசத்திலும் தென்னிந்தியாவிலும் அதே வகைக் கிருமியின் சீதபேதி பரவியது. அந்தக் காலத்துப் பெரியவர்களைக் கேட்டால் ‘ரத்தமும் சீதமுமா போய் ஊரே படுத்துக்கிச்சு’ என்பார்கள். கிருமியின் பெயர் ஷிகெல்லா டிசென்ட்ரியே, முதல் வகை. 1897இல் ஜப்பானில் பெரும் சீதபேதி பரவியபோது கியோஷி ஷிகா என்ற இளம் ஆய்வாளர் கண்டுபிடித்ததால் அவர் பெயரே கிருமிக்கு நிலைத்தது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் குழந்தைகள் பிரிவுக்கு அப்போது சீதபேதியோடு வந்த பிள்ளைகளில் சிலர், பேதி குறைந்து தேறுகிற நேரத்தில் திடீரென்று வெளுத்து, மூத்திரம் நின்று போனார்கள். அந்தப் பிரிவின் மருத்துவர் ரகுபதியும் அவரோடு வேலை செய்த நோய்க்கூறு, சிறுநீரக மருத்துவர்களும் இந்தப் பிள்ளைகளின் ரத்தத்தையும் சிறுநீரகத் திசுவையும் பார்த்து, இது காஸர் சொன்ன நோயேதான், சீதபேதியின் தொடர்ச்சியாக வருகிறது என்று 1978இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். அதே வருடம் டாக்கா ஆய்வாளர்களும் அமெரிக்க இதழ் ஒன்றில் இதையே சொன்னார்கள். மேல்நாட்டுப் பாடப் புத்தகங்களில் அதுவரை ஹெச்.யு.எஸ். என்றால் எப்போதாவது தென்படுகிற, காரணம் பிடிபடாத நோய். நம் பக்கம் அதற்குக் காரணம் குடிக்கிற தண்ணீரில் இருந்தது.

ஒரு கிருமி குடலில் இருந்துகொண்டு சிறுநீரகத்தை எப்படிக் கெடுக்கிறது? கிருமி குடலைத் தாண்டிப் போக வேண்டியதே இல்லை, அதன் நஞ்சு போனால் போதும். ஷிகா நஞ்சில் இரண்டு பாகங்கள். ஐந்து இதழ்ப் பூப்போல ஒரு பாகம், செல்லின் மேலே இருக்கிற ஒரு குறிப்பிட்ட கொழுப்புப் பொருளைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கொழுப்பு சிறுநீரக வடிகட்டிக் குழாய்களின் உள்சுவரில் நிறைய உண்டு. பிடித்த பின் இன்னொரு பாகம் உள்ளே நுழைந்து, புரதம் தயாரிக்கிற ரைபோசோமில் ஒரே ஓர் இடத்தில் அடினைன் என்ற ஒரே ஒரு துண்டைக் கழற்றிவிடும். அதோடு அந்தச் செல்லில் புரத உற்பத்தி நின்றது, செல் செத்தது.

இதில் நம்மூர்க்காரர்களுக்கு ஒரு சுவாரசியம் இருக்கிறது. ஜப்பானில் யாயெட்டா எண்டோ என்பவரின் குழு 1987, 88இல் இதைக் கண்டுபிடித்தபோது, முதலில் பார்த்தது ஷிகா நஞ்சை அல்ல, ரிசின் என்ற வேறொரு நஞ்சை. ரிசின் எங்கே இருக்கிறது? கொல்லை வரப்பில் நிற்கிற ஆமணக்குக் கொட்டையில். இரண்டும் ரைபோசோமில் அதே இடத்தில், அதே அடினைனைத்தான் கழற்றுகின்றன. செடி ஒரு பக்கம், குடல் கிருமி ஒரு பக்கம், சம்பந்தமே இல்லாத இரண்டும் ஒரே பூட்டுக்கு ஒரே சாவியைச் செய்து வைத்திருக்கின்றன. பயப்பட வேண்டாம், விளக்கெண்ணெயில் ரிசின் கிடையாது. ஆட்டிய பின் அது புண்ணாக்கில் தங்கிவிடும். ஆமணக்குப் புண்ணாக்கை மாட்டுக்கு வைக்காமல் எருவாகப் போடுகிற பழக்கத்துக்குக் காரணமும் அதுதான்.

மேல்நாட்டுக் குழந்தைகளின் புதிருக்கு விடை 1983இல் வந்தது. டொராண்டோவில் முகமது கர்மாலி குழுவினர், ஹெச்.யு.எஸ். வந்த குழந்தைகளின் மலத்தில் ஈ.கோலி வகைக் கிருமி ஒன்றையும், அது சுரக்கிற நஞ்சையும் கண்டார்கள். அந்த நஞ்சு ஷிகாவின் நஞ்சுக்குக் கூடப்பிறந்தது மாதிரி. மாட்டின் குடலில் மாட்டுக்கு ஒரு தொந்தரவும் தராமல் வாழ்கிற கிருமி, சரியாக வேகாத கொத்துக்கறியிலும் காய்ச்சாத பாலிலும் மனிதருக்கு வந்து சேர்கிறது. இறைச்சி மட்டும்தான் என்றும் இல்லை. 2011இல் ஜெர்மனியில் சுமார் 3,800 பேர் படுத்தார்கள், 800க்கு மேற்பட்டவர்களுக்கு ஹெச்.யு.எஸ். வந்தது, 50க்கு மேல் இறந்தார்கள். அத்தனைக்கும் மூலம் பச்சையாகச் சாப்பிட்ட வெந்தய முளை. விதை எகிப்திலிருந்து போனது.

நம் பக்கத்தில் இந்த ஈ.கோலி ஹெச்.யு.எஸ். அபூர்வம். பாலைப் பொங்கப் பொங்கக் காய்ச்சுவதும் கறியைக் குழைய வேகவிடுவதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கும் என்பது என் ஊகம். வெந்தயத்தை நாமும் முளைகட்டுகிறோம், ஆனால் பெரும்பாலும் அது குழம்பில் கொதித்துத்தான் இலைக்கு வருகிறது. இங்கே ஒரு நடைமுறை விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஷிகெல்லா சீதபேதி என்றால் சரியான ஆன்டிபயாடிக்கைச் சீக்கிரம் தொடங்குவது நல்லது. ஈ.கோலி என்றால் ஆன்டிபயாடிக்கே நஞ்சைக் கூடுதலாக அவிழ்த்துவிடக் கூடும் என்று மேல்நாட்டில் தயங்குவார்கள். இரண்டிலும் பொதுவானது ஒன்று உண்டு. ரத்தமாகப் போகிற குழந்தைக்கு மருந்துக் கடையில் பேதியை ‘நிறுத்துகிற’ மாத்திரை வாங்கிக் கொடுக்கக் கூடாது. குடல் அசையாமல் நின்றால் நஞ்சு உள்ளேயே ஊறும்.

சரி, ஷிகாவின் அந்தக் கொடூரமான முதல் வகை சீதபேதி பின்னாளில் ஓய்ந்துவிட்டது. இன்று இந்தியாவில் ஷிகெல்லா என்று பிடிபடுவது பெரும்பாலும் அதன் சாதுவான உறவினர்கள்தான். அப்படியென்றால் ஹெச்.யு.எஸ். பிள்ளைகளும் குறைந்திருக்க வேண்டும். ஆனால் வந்துகொண்டே இருந்தார்கள். சீதபேதி இல்லை, சில பிள்ளைகளுக்குப் பேதியே இல்லை. பாடப் புத்தகம் இவர்களுக்கு ‘வழக்கத்துக்கு மாறான’ ஹெச்.யு.எஸ். என்று பெயர் வைத்து, மரபணுக் கோளாறு, மிக அரிது, கை விரித்துவிடலாம் என்கிற தொனியில் சில வரி எழுதியிருக்கும்.

அந்த மரபணுக் கதை 1998இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் தொடங்கியது. நோய் பரம்பரையாக வருகிற குடும்பங்களில், ஃபேக்டர் ஹெச் என்ற ரத்தப் புரதத்துக்கான மரபணுவில் பிழை இருப்பதை வார்விக்கர், குட்ஷிப் குழு கண்டது. நம் ரத்தத்தில் காம்ப்ளிமென்ட் என்ற புரதக் கூட்டம் ஒன்று இருக்கிறது. கட்டிப்போடாத காவல் நாய் மாதிரி, எந்நேரமும் சுற்றிக்கொண்டே இருக்கும். எதிர்ப்படுகிற எந்தப் பரப்பிலும் கொஞ்சம் பல்லை வைத்துப் பார்க்கும். கிருமி என்றால் கடித்துக் குதறும். நம் சொந்தச் செல் என்றால் ‘சும்மா இரு’ என்று அதட்டி விலக்க ஆள் வேண்டும். அந்த வீட்டுக்கார அதட்டல்தான் ஃபேக்டர் ஹெச். அது பழுதானால் நாய் வீட்டு ஆளையே கடிக்கும். சிறுநீரகக் குழாய்ச் சுவர் அந்தக் கடியை முதலில் வாங்குகிற இடங்களில் ஒன்று.

2005இல் பாரிஸில் ட்ராகோன்-ட்யூரே என்ற ஆய்வாளர் இன்னொரு வழியைக் காட்டினார். ஃபேக்டர் ஹெச் மரபணு சரியாகவே இருக்கிறது, புரதமும் நன்றாகவே உண்டாகிறது, ஆனால் குழந்தையின் உடம்பே அந்தப் புரதத்துக்கு எதிராக ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் பொருளைத் தயாரித்து அதன் வாயைக் கட்டிவிடுகிறது. அவர் பார்த்த 48 குழந்தைகளில் 3 பேருக்கு அப்படி. ஐரோப்பாவுக்கு அது ஓர் அடிக்குறிப்பு அளவுதான்.

இந்த அடிக்குறிப்பைத்தான் டெல்லி எய்ம்ஸின் அர்விந்த் பக்கா குழு எடுத்துக்கொண்டது. பக்கா குழந்தைகள் சிறுநீரக மருத்துவர், அதிதி சின்ஹா அவருடைய சக ஆய்வாளர். அவர்கள் செய்தது கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். பல ஊர் ஆஸ்பத்திரிகளிலிருந்து ஹெச்.யு.எஸ். குழந்தைகளின் ரத்தத்தைச் சேகரித்து, எல்லோருக்கும் அந்த ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்த்தார்கள். 2014இல் கிட்னி இன்டர்நேஷனல் இதழில் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் அந்த ஆன்டிபாடி உள்ள குழந்தைகள் 138 பேர். அவர்கள் பார்த்த ஹெச்.யு.எஸ். குழந்தைகளில் அது 56 சதவீதம். ஐரோப்பாவின் அடிக்குறிப்பு இங்கே பாதிக்கு மேல்.

என்னைக் கேட்டால் அந்தக் கட்டுரையின் உண்மையான சாதனை இந்த எண்தான். புது மருந்து எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. நம் பிள்ளைகளுக்கு வருவது எந்த வகை என்று நாமே எண்ணிப் பார்த்தார்கள். 1978இல் வேலூரில் நடந்ததும் இதே வேலைதான். வேற்றூர்ப் புத்தகத்தின் சதவீதத்தை வைத்துக்கொண்டு வைத்தியம் பார்த்திருந்தால், பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தவறான திசையில் போயிருப்போம். ஏனென்றால் மரபணுக் கோளாற்றைத் திருத்த முடியாது, ஆன்டிபாடியைக் குறைக்க முடியும்.

அந்த 138 பேரில் 119 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது என்பதிலிருந்து எவ்வளவு முற்றி வந்தார்கள் என்று புரிந்துகொள்ளலாம். மரபணுப் பரிசோதனை செய்த 68 பேரில் 60 பேருக்கு, ஃபேக்டர் ஹெச்சின் பங்காளிப் புரதம் ஒன்றுக்கான மரபணு, அப்பா வழிப் பிரதியும் அம்மா வழிப் பிரதியும், இரண்டுமே காணாமல் போயிருந்தது. இந்த இல்லாமை நோயே வராத பலரிடமும் உண்டு. அது இருந்தாலே நோய் வந்துவிடாது. எங்கோ ஒரு காய்ச்சலோ வயிற்றுக் கோளாறோ பொறி வைக்க வேண்டும். பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளிடம்தான் இது அதிகம் தென்படுகிறது.

யாருக்கு முடிவு மோசமானது என்பதையும் பார்த்தார்கள். ஆன்டிபாடி அளவு மிக அதிகமாக இருந்தவர்கள், சி3 என்ற காம்ப்ளிமென்ட் புரதம் குறைந்திருந்தவர்கள், பிளாஸ்மா மாற்று தாமதமாகத் தொடங்கியவர்கள். முதல் இரண்டும் நம் கையில் இல்லை. மூன்றாவது நம் கையில் இருக்கிறது. அந்தத் தாமதம், காமாலைப் பத்தியத்தில் போன நாட்களையும் சேர்த்துத்தான்.

பிளாஸ்மா மாற்று என்றால் குழந்தையின் ரத்தத்தை இயந்திரத்தில் ஓடவிட்டு, அணுக்களைத் திருப்பிக் கொடுத்து, ரத்தத்தின் நீர்ப்பகுதியான, ஆன்டிபாடி நிறைந்த பிளாஸ்மாவை மட்டும் எடுத்துவிட்டு, தானமாக வந்த பிளாஸ்மாவை ஏற்றுவது. கிலோவுக்கு 60 முதல் 75 மில்லி வரை ஒரு தடவைக்கு மாற்றுவது வழக்கம். 20 கிலோப் பிள்ளைக்கு 1,200 முதல் 1,500 மில்லி. ஒருவர் கொடுக்கிற ரத்தத்திலிருந்து பிரிகிற பிளாஸ்மா பை ஏறத்தாழ 200 மில்லி. ஆக ஒரு தடவைக்கு ஆறேழு பேருடைய பிளாஸ்மா. இது ஒரு நாளோடு முடியாது, தொடக்கத்தில் தினமும், பிறகு விட்டுவிட்டுப் பல நாள். ஒரு பிள்ளை எழுந்து உட்கார்வதற்குள் ஐம்பது, எழுபது முகம் தெரியாத மனிதர்களின் பிளாஸ்மா அதன் உடம்பில் ஓடியிருக்கும்.

பிளாஸ்மா மாற்று இருக்கிற ஆன்டிபாடியை வடிகட்டுமே தவிர, புதிதாக உண்டாவதை நிறுத்தாது. அதற்கு ஸ்டீராய்டும், கூடவே சைக்ளோபாஸ்ஃபமைடு அல்லது ரிட்டுக்சிமாப் போன்ற நோய் எதிர்ப்பைத் தணிக்கிற மருந்தும் வேண்டும். பிளாஸ்மா மாற்றையும் இந்த மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்த பிள்ளைகளுக்கு நீண்ட காலத்தில் சிறுநீரகம் தப்புகிற வாய்ப்பு தெளிவாகக் கூடியது என்பது பக்கா குழுவின் முடிவு. மேல்நாட்டில் இந்த வகை நோய்க்கு 2011இல் எக்குலிசுமாப் என்ற ஊசி மருந்து அனுமதிக்கப்பட்டது. காம்ப்ளிமென்ட் நாயின் பல்லையே பிடுங்கிவிடுகிற மருந்து, அருமையாக வேலை செய்யும். ஆனால் உலகிலேயே விலை உயர்ந்த மருந்துகளில் அதுவும் ஒன்று. கொல்லையை விற்றாலும் நம்மூர்க் குடும்பத்துக்குச் சில மாத ஊசிகூட வாங்க முடியாது. ஸ்டீராய்டும் சைக்ளோபாஸ்ஃபமைடும் பல பத்து வருடப் பழைய மருந்துகள், அரசு ஆஸ்பத்திரி அலமாரியிலும் கிடைப்பவை. எந்தப் பிள்ளைக்கு இந்தப் பழைய மருந்து போதும் என்று அந்த ஆன்டிபாடிப் பரிசோதனை சொல்கிறது.

பரிசோதனைக்கான ரத்தத்தைப் பிளாஸ்மா ஏற்றுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ஏற்றிய பிறகு எடுத்தால் குழாயில் இருப்பது பாதி ஊரார் ரத்தம், கணக்கு குழம்பிவிடும். சின்ன ஊரிலிருந்து பிள்ளையை அனுப்புகிற டாக்டர், வேறெதுவும் செய்ய முடியாவிட்டாலும் ஒரு ஸ்மியர் பார்த்து, தட்டணு எண்ணிக்கையையும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் அளவையும் சீட்டில் எழுதி, நேரடியாக டயாலிசிஸ் வசதியுள்ள இடத்துக்கு அனுப்பினாலே பெரிய உபகாரம். பெற்றவர்கள் கவனிக்க வேண்டியது இன்னும் எளிது. காமாலை என்று தோன்றுகிற பிள்ளை மஞ்சளைவிட வெளுப்பாக இருக்கிறதா, காலையில் கண் இமை வீங்கியிருக்கிறதா, கடைசியாக எப்போது மூத்திரம் போனது. பஸ் ஏறும்போதே இந்த மூன்றாவது கேள்விக்கு விடை தெரிந்திருந்தால் வார்டில் பாதி நேரம் மிச்சம்.

மீதி வகைகள் எண்ணிக்கையில் குறைவு, சுருக்கமாகவே சொல்கிறேன். நிமோனியா உண்டாக்குகிற நியூமோகாக்கஸ் கிருமியாலும் ஹெச்.யு.எஸ். வரலாம். அங்கே பிளாஸ்மா ஏற்றுவதே வினையாகலாம் என்ற எச்சரிக்கை உண்டு, கிருமியின் நொதி அணுக்களின் மேல்தோலை உரித்துவிடுவதால் பெரியவர்களின் பிளாஸ்மாவில் இயல்பாகவே இருக்கிற ஒரு ஆன்டிபாடி அவற்றைத் தாக்கக் கூடும். கைக்குழந்தைக்கு வந்தால் பி12 வைட்டமினைப் பயன்படுத்துவதில் பிறவிக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு மருந்து ஹைட்ராக்ஸோகோபாலமின், பி12 ஊசியின் ஒரு வடிவம்தான். ஒரு வயதுக்குள் வருகிற இன்னொரு வகைக்கான மரபணுவை 2013இல் கண்டுபிடித்தார்கள். இவை இரண்டும் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் வரும். அக்கா மகளைக் கட்டுவதும் மாமன் மகளைக் கட்டுவதும் எல்லையின் இரண்டு பக்கமும் வழக்கம். சொத்து வெளியே போகக் கூடாது என்கிறார்கள், கூடவே பழுதான பிரதியும் வெளியே போகாமல் குடும்பத்துக்குள்ளேயே சுற்றுகிறது.

பாம்பையும் சொல்லாமல் விட்டால் எங்கள் ஊர்க் கட்டுரையாக இருக்காது. மல்லாட்டை (நிலக்கடலை) விளைகிற கொல்லையில் கண்ணாடி விரியன் கடித்து வருகிறவர்களில், பெரியவர்களானாலும் பிள்ளைகளானாலும், சிலருக்கு விஷ முறிவு மருந்து ஏற்றி ரத்தம் உறைவது சரியான பிறகும் தட்டணு குறைந்துகொண்டே போகும், மூத்திரம் நிற்கும். ஸ்மியரில் அதே ஹெல்மெட் துண்டுகள். பாம்பின் நஞ்சும் அதே குழாய்ச் சுவரைத்தான் புண்ணாக்கியிருக்கிறது. தெலுங்கில் அந்தப் பாம்புக்கு ரக்தபிஞ்சரி என்று பெயர். பெயர் வைத்தவர்கள் மைக்ராஸ்கோப் பார்த்ததில்லை, ரத்தத்தில்தான் அதன் வேலை என்பது மட்டும் தெரிந்திருக்கிறது.

ஆன்டிபாடி வகைப் பிள்ளை தேறி வீட்டுக்குப் போவதோடு கதை முடியாது. பக்கா குழு தொடர்ந்து பார்த்த 122 பேரில் 14 பேருக்கு நோய் திரும்பியது. திரும்புகிற நேரத்தில் ஆன்டிபாடி அளவு மறுபடி ஏறுகிறது. குறைந்த அளவு ஸ்டீராய்டோடு, நோய் எதிர்ப்பைத் தணிக்கிற மைக்கோஃபினோலேட்டோ அசதயோப்ரினோ தொடர்ந்து கொடுத்தவர்களுக்கு இந்த அபாயம் வெகுவாகக் குறைந்தது. ஆகவே சில மாதத்துக்கு ஒரு முறை அதே பஸ், அதே சோதனைச்சாவடி, ரத்த அழுத்தம், மூத்திரத்தில் புரதம், ஆன்டிபாடி அளவு. சளி பிடித்தால்கூட ஒரு ஸ்மியர். மாத்திரையால் முகம் உப்பிப்போன பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் மற்றவர்கள் கேலி செய்கிறார்கள் என்று வீட்டில் மாத்திரையை நிறுத்திவிடுவதும் நடக்கிறது. அங்கேதான் பல குடும்பங்கள் சறுக்குகின்றன.

சிறுநீரகம் தப்பாத பிள்ளைகளும் உண்டு. இந்தியாவின் தொடக்க கால வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவைகளில் ஒன்று 1971இல் வேலூரில்தான் நடந்தது, அதனால் எங்கள் பக்கத்தில் அந்தப் பேச்சை எடுத்ததும் ‘நான் தரேன்’ என்று யாராவது எழுந்து நின்றுவிடுவார்கள், பெரும்பாலும் அம்மா. இந்த நோயில் அது அவ்வளவு நேரடியாக முடியாது. ஆன்டிபாடி வகை என்றால் அதன் அளவு இறங்கும்வரை காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் புதுச் சிறுநீரகத்தையும் அது விடாது. மரபணு வகை என்றால் கொடுக்க வருகிற அம்மாவிடமும் அதே பிழை ஒளிந்திருக்கலாம். ஒரு சிறுநீரகத்தை எடுத்த பின் அவருக்கே அந்த நோய் கிளம்பலாம். அதனால் அம்மா முன்வந்தால், முதலில் பரிசோதனைக்குப் போவது அவருடைய ரத்தம்தான்.